காலில் சிக்கிய கொடி

"இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று யாராவது கேட்டால், நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "என்ன விசேஷம்? எல்லாம் வழக்கம்போலத்தான்!"

வாசக சகோதரிகளே, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வந்தார்கள், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். இதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது? டயரி எழுதுவது மந்திரிகளும் மகாத்மாக்களும் செய்யவேண்டிய காரியம் என்பது என் எண்ணம். புது வருஷத்துக்கு யாராவது இனாமாகக் கொடுக்கும் டயரியில் ஜனவரி முதல் தேதி பிள்ளையார் சுழி போடுவேன். நாலாம் தேதியிலிருந்து அது சலவைக் கணக்குப் புத்தகமாகிவிடும்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு காலண்டர் தாள்.

என் தாயார் அம்பத்தூரில், ஏரிக்குச் சமீபத்தில் ஒரு தெருவில், முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தாள். தினமும் காலையில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிப்பாள். ஆனால் கசக்கிப் போடமாட்டாள். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கி, மின்சார பில், காஸ் ரசீது இவற்றோடு ஊசிக் கம்பியில் குத்தி வைப்பாள். நாங்கள் அதைப் பால் கணக்கு என்று நினைத்திருந்தோம். "அம்மாவின் ரிஜிஸ்டர் ஆபீஸ்" என்று கேலி செய்ததும் உண்டு. அவள் காலமான பிறகு வீட்டைக் காலி செய்த அவசரத்தில், அந்தக் கம்பிகளில் இருந்த தாள்களை எல்லாம் உருவி, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். போட்டவள் நானேதான், வேறு யார்மேலும் பழி சொல்ல வழியில்லை.

ஒரு வாரம் கழித்து, அங்கிருந்து எடுத்து வந்த அஞ்சறைப் பெட்டியைக் கழுவப் போனேன். அடியில் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. 2015 டிசம்பர் 3, வியாழக்கிழமை. சென்னையை வெள்ளம் முழுக அடித்த அந்த வாரம்! பின்பக்கத்தில் மூன்றே வரிகள்:

"மழை விட்டிருக்கிறது. மாடிப்படியில் மூன்று வீட்டுக்கும் ஒரே அடுப்பு. உப்பு மட்டும் நம்முடையது."

நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். ஐந்து நாள் டெலிபோன் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் கிடைத்தபோது, "எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கத்தினேன். "எனக்கென்ன? எல்லாம் வழக்கம்போலத்தான்" என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

அந்த வெள்ளத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்று கேட்டால்கூடச் சொல்வேன். அம்மாவின் மாடிப்படி மட்டும் அன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அடுப்பு யாருடையது? அரிசி யார் கொடுத்தார்கள்? உப்பு மட்டும்தான் நம்முடையது என்றால், மற்றதெல்லாம் என்ன ஆயிற்று? கேட்பதற்கு அம்மா இல்லை. பதில் இருந்திருக்கக்கூடிய தாள்களோ கிலோக் கணக்கில் போய்விட்டன!

மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அம்மா இருந்த பக்கத்தையே ஒரு நாள் சுற்றி வந்து எழுத ஆரம்பிப்பது என்று தீர்மானித்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி! உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் வாயில் வராத பெயர்கள்தாம். ஆனாலும் நீங்களும் என்னோடு வாருங்கள். ரயில் டிக்கட்டு ஒரு கப் காப்பியின் விலைகூட ஆகாது.

பெரம்பூரில் பிறந்த பிள்ளை

சென்ட்ரலுக்குப் பக்கத்தில், 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்திலிருந்துதான் இப்போது புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. என்ன அதிர்ஷ்டம் பாருங்கள்! நோட்டில் முதல் வரி அதுதான்.

நாம் போகும் பாதையைச் சாமானியமாக நினைக்கவேண்டாம். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில், பெரம்பூர், ஆவடி வழியாகத்தான் புகை விட்டுக்கொண்டு போயிற்று. இன்று அதே பாதையில் மின்சார ரயிலில் நின்றுகொண்டே கீரை ஆய்கிறார்கள் நம் பெண்மணிகள்!

பெரம்பூரில் வண்டி நின்றது. 1709-ல் இந்தப் பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை. சிறு பிராயத்திலேயே தகப்பனாரோடு புதுச்சேரிக்குப் போய், வியாபாரத்தில் பெரிய கையாகி, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். அவர் 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி ஒரு தினக்குறிப்பு எழுத ஆரம்பித்தார். நடுவில் சில இடைவெளிகள் விழுந்தாலும், 1761-ல் அவர் இறக்கும் காலம் வரையில், ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் அது நடந்தது.

என்னதான் எழுதினார்? கப்பல் வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னார், ஊரில் என்ன வதந்தி, யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம் — இப்படி அன்றாடச் சமாசாரங்கள்தாம். அதையும் அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதினார். இவற்றுக்கு நடுவே 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டணத்தைப் பிடித்த பெரிய சமாசாரமும் வந்துவிடுகிறது. அன்றாடக் கணக்கை ஒழுங்காக எழுதுகிறவருடைய நோட்டுக்குள் சரித்திரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது!

அவருடைய குடும்பத்தார் அந்தக் குறிப்புகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். பிறகு 1904 முதல் 1928 வரையில் சென்னை அரசாங்கம் அதைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. எண்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் ஒருவர்கூட அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது, சகோதரிகளே. பிள்ளையவர்கள் இறந்து சில நாட்களுக்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அதற்கு முன் மாதக்கணக்கில் முற்றுகை. ஊருக்குள் தானியம் வரவில்லை. அந்த நாட்களில் அந்த ஊரின் வீடுகளில் எதைப் போட்டு உலை ஏற்றினார்கள்? பச்சைக் குழந்தைக்குப் பாலுக்கு என்ன செய்தார்கள்? அந்தப் பக்கத்தை எழுதியிருக்கவேண்டியவள் ஒரு பெண். அவள் கையில் யாரும் எழுத்தாணி கொடுக்கவில்லை. இன்று நம் கையில் பேனா இருக்கிறது. நாம் அதில் சலவைக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பீஸ் கணக்கும் பூக்களும்

வில்லிவாக்கம் தாண்டியது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் கைப்பையிலிருந்து சிறிய நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினாள். எனக்குப் பொறுக்குமா?

"என்னம்மா எழுதறே?" என்றேன்.

"பீஸ் கணக்கு அக்கா. நேத்து எத்தனை காலர் தைச்சேன்னு. கம்பெனியிலே எழுதறதும் நான் எழுதறதும் ஒத்துப் போகணும் இல்லே?"

எட்டிப் பார்த்தேன். தேதி, எண், தேதி, எண். சில தேதிகளுக்குப் பக்கத்தில் மட்டும் பேனாவால் சின்னதாக ஒரு பூ.

"இது என்ன, போனஸா?"

அவள் சிரித்தாள். "பொண்ணு ஆஸ்டல்லே தங்கிப் படிக்கிறா, அக்கா. அவளா போன் பண்ற நாளைக்கு ஒரு பூ போடுவேன். நான் பண்ணினா பூ கிடையாது."

பட்டரவாக்கம் வந்துவிட்டது. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவளோடு எத்தனையோ பேர் இறங்கினார்கள். 1960-களில் வயலும் ஏரிக்கரையுமாக இருந்த பூமியில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் இறங்கும் இடம். அதற்கும் முன்னால் 1951-லிருந்தே அம்பத்தூரில் சைக்கிள் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிளுக்குப் பிறந்தகம் இந்த ஊர்தான்!

தொழிற்பேட்டையில் எத்தனை பட்டறை, எத்தனை கம்பெனி என்ற கணக்கை அரசாங்கம் வைத்திருக்கும். அந்தப் பூவின் கணக்கு வேறு எங்கே இருக்கிறது? 'மகளைப் பிரிந்து வாடுகிறேன்' என்று அவள் பத்துப் பக்கம் எழுதியிருந்தால் எனக்குக் கொட்டாவி வந்திருக்கும். அந்த மாதத்துப் பக்கத்தில் மூன்றே பூ! அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? மனத்தில் இருப்பதைப் பெரிய வார்த்தைகளில் எழுதத் தெரியவில்லையே என்று நீங்கள் கவலைப்படவேண்டாம். எண்ணிக்கையை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு பூப் போடுங்கள். போதும்.

முல்லைவாயில் நந்தி

அம்பத்தூரில் நான் இறங்கவில்லை. அங்கே இறங்கத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனான திருமுல்லைவாயிலில் இறங்கினேன். மாசிலாமணீசுவரர் கோயில் இங்கேதான். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் மேலூர் திருவுடையம்மனையும், திருவொற்றியூர் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு, மாலையில் இங்கே கொடியிடை அம்மனிடம் வந்து முடிப்பார்கள் நம் பெண்கள். உங்களில் பலர் அப்படி வந்திருப்பீர்கள்.

தல புராணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தொண்டைமான் என்ற அரசன் குறும்பர்களோடு யுத்தம் செய்யும் காலத்தில் இந்த வழியாக வருகிறான். அவன் ஏறி வந்த யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான். வெட்டு, கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்தின்மேல் பட்டு ரத்தம் பெருகுகிறது. பதறிப்போய்த் தன் கழுத்தையே அறுத்துக்கொள்ளத் துணிகிறான். சுவாமி காட்சி தந்து தடுத்து, யுத்தத்துக்குத் துணையாக நந்தியை அனுப்புகிறார். அதனால்தான் வழக்கமாகச் சுவாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நந்தி, இங்கே அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறது! வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு வருஷம் முழுவதும் சந்தனக்காப்பு. சித்திரை சதயத்தன்றுதான் அதைக் களைவார்கள். வென்று கொண்டு வந்தவை என்று சொல்லப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டையும் சந்நிதியில் காணலாம்.

நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. இந்தக் கோயில், தேவாரத்தில் சுந்தரர் பாடிய பதிகம், பௌர்ணமிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்ன? போகிற வழியில் காலில் ஒரு கொடி சிக்கிற்று. அவ்வளவுதானே? 'அவசரமாகப் போகிறோம், கொடியாவது மண்ணாவது' என்று யானை அறுத்துக்கொண்டு போயிருந்தால் கதையே கிடையாது.

நமக்கும் தினமும் எங்காவது ஓர் இடத்தில் கால் தடுக்கத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை இன்று கேட்கவில்லை. காய்கறிக்காரர் கேட்காமலே கறிவேப்பிலையைக் கூடுதலாகப் போட்டார். மருமகள் 'அம்மா' என்று கூப்பிட வாயெடுத்து, 'அத்தை' என்று மாற்றிக்கொண்டாள். நாம் உதறிவிட்டுப் போய்விடுகிறோம். ஆகவே, "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்ற கேள்வியை அன்றோடு விட்டுவிட்டேன். "இன்று என் காலில் எந்தக் கொடி சிக்கியது?" என்பதுதான் இப்போது என் கேள்வி. இதற்குப் பதில் இல்லாத நாளே இல்லை!

ஆவடி தந்த எச்சரிக்கை

ஆவடி ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மாள் எனக்கு ஓர் அதிசயச் செய்தி சொன்னாள். ஆவடி என்பது ஊர்ப் பெயரே இல்லையாம். டாங்கித் தொழிற்சாலைக்கு வைத்த இங்கிலீஷ் பெயரின் முதல் எழுத்துக்களைக் கூட்டினால் 'ஆவடி' வருமாம்! பரபரவென்று எழுதிக்கொண்டேன்.

பிறகு யோசித்தேன். கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடிக்கு வந்தது 1961-ல். முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-ல். ஆனால் 1955 ஜனவரியிலேயே இங்கே காங்கிரஸ் மகாசபை கூடியாயிற்று. தேபர் தலைமை வகிக்க, நேருவும் காமராஜரும் இருக்க, சோஷலிஸ பாணி சமுதாயமே லட்சியம் என்று முடிவு செய்தார்கள். 'ஆவடி தீர்மானம்' என்று தேசமெல்லாம் பேசியது அதைத்தான். தொழிற்சாலைக்கு ஆறு வருஷம் முந்தியே பெயர் எப்படி வந்திருக்கும்?

பெரியம்மாள் சொன்னதை நான் அடிக்கவில்லை. 'ரயிலில் ஒரு பெரியம்மாள் சொன்னது' என்று மட்டும் பக்கத்தில் சேர்த்தேன். கேட்டதைக் கேட்டதாகவும், கண்டதைக் கண்டதாகவும் எழுதவேண்டும்; தேதியை மறக்கக்கூடாது. அம்மாவின் தாளில் காலண்டர்க்காரர் அச்சடித்த தேதி மட்டும் இல்லாவிட்டால், அந்த மூன்று வரியை நான் ஏதோ சமையல் குறிப்பு என்று நினைத்திருப்பேன் அல்லவா?

பூவிருந்தவல்லி

ஆவடியிலிருந்து பஸ்ஸில் பருத்திப்பட்டு ஏரியையும் கூவத்தையும் கடந்து பூந்தமல்லி வந்தேன். மெட்ரோ ரயிலுக்கு எழுப்பிய தூண்கள் சாலை நெடுக நிற்கின்றன. அவற்றின் நிழலில் பூக்கடைகள். ஒரு பெண்மணி பூக்காரியோடு வழக்காடிக்கொண்டிருந்தாள்: "உன் கை குட்டை! என் கையாலே அளந்து கொடு!" பூக்காரி விடுவாளா? "உன் கையாலே அளந்தா உன் கையாலேதான் கட்டிக்கணும்!"

பூவிருந்தவல்லி என்ற பெயருக்கு ஏற்ற ஊர்தான். ராமாநுஜர் காலத்தில் இங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். இங்கிருந்து பூக்களைக் கொண்டுபோய்க் காஞ்சி வரதராஜருக்குச் சாத்தி, ஆலவட்டத்தால் விசிறுவது அவருடைய தினசரிக் கைங்கரியம். வரதராஜர் அவரோடு பேசுவார் என்பது ஐதிகம். ராமாநுஜருக்குச் சந்தேகங்கள் எழுந்தபோது, நம்பிகள் மூலமாகத்தான் பெருமாளிடமிருந்து ஆறு வார்த்தைகள் பதிலாக வந்தன. இங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் நம்பிகளுக்குச் சந்நிதி உண்டு. தாயாரின் திருநாமமும் புஷ்பவல்லி.

அந்தச் சந்நிதியில் நின்றபோது நான் நினைத்தது இதுதான்: அந்த ஆறு வார்த்தைகள் வந்தது ஒரு நாள். விசிறியது எத்தனை நாள்! ஒன்றுமே பேச்சு வராத நாட்களிலும் அவர் விசிறியை ஓரமாக வைத்துவிடவில்லை. டயரியில் ஒன்றும் தோன்றாத நாட்களும் வரத்தான் வரும். அன்றைக்கும் தேதியைப் போட்டு, ஒரு வரி எழுதுங்கள். 'இன்று தோசை ஒட்டிக்கொண்டது' என்றாவது எழுதுங்கள்.

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி ஒன்றும் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி நின்றேன். டீசல் நாற்றத்துக்குள் மல்லிகை வாசனை, கண்டக்டர் விசில், யாரோ ஒரு குழந்தை, "அம்மா, கையைப் பிடிச்சுக்கோ, எனக்குப் பயமில்லை, உனக்குப் பயமா இருக்கும்!" என்றது. கண்ணைத் திறந்துகொண்டிருந்தால் போர்டு படித்துக்கொண்டிருப்பேன். இது காதில் விழுந்திருக்காது.

மாடிப்படி

மாலையில் அம்பத்தூருக்கு வந்துவிட்டேன். இனித் தப்பிக்க வழியில்லை. அந்தத் தெருவுக்குப் போனேன். கீழ் வீட்டில் யாரோ புதியவர்கள். மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் மாடி வீட்டுப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். தாளை நீட்டினேன். படித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அடுப்பு எங்களுது, அக்கா. மண்ணெண்ணெய் அடுப்பு. அரிசி மேல் வீட்டுக்காரங்களுது. உங்க அம்மா வீட்டுக்குள்ளே இடுப்பளவு தண்ணி. அரிசி, பருப்பு எல்லாம் போச்சு. பரண்மேலே இருந்த உப்பு ஜாடி ஒண்ணுதான் தப்பிச்சது. அதை எடுத்துக்கிட்டு வந்து இந்தப் படியிலே வச்சாங்க. முதல் நாள் சாப்பிடவே மாட்டேன்னுட்டாங்க. 'உப்பைப் போட்டுட்டு உட்கார்ந்து சாப்பிட எனக்கு வெக்கமா இருக்கு'ன்னாங்க."

"அப்புறம்?"

"மேல் வீட்டுத் தாத்தாதான் சொன்னாரு: 'உப்பு போட்டவங்களைத்தான் உசிரு உள்ள வரைக்கும் நினைக்கணும்னு சொல்லுவாங்க, அரிசி போட்ட என்னை யாரும் நினைக்கப் போறதில்லே!' அப்புறம்தான் சிரிச்சுட்டு இலையிலே உட்கார்ந்தாங்க."

ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தே பழகியவள் என் அம்மா. வாங்கிச் சாப்பிட்ட அந்த ஒரு நாளைத்தான் மடித்து அஞ்சறைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறாள். எனக்கு டெலிபோனில் சொன்னதோ, "எல்லாம் வழக்கம்போலத்தான்!"

அன்றிரவு நோட்டில் எழுதினேன். நான் வீட்டுக்குத் திரும்பும்போது மாடி வீட்டுப் பெண் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கையில் திணித்தாள். "வேண்டாம்மா" என்று சொல்ல வாயெடுத்தவள், வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதினேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஊசிக் கம்பியோ, பால் கணக்கு நோட்டோ, பெரியவர்கள் கிறுக்கிய தாளோ இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். எழுதியவர் இருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு, இன்று இரவு அடுக்களையைக் கழுவி விட்டுவிட்டு, நாளைக் காலையில் கிழிக்கப்போகும் காலண்டர் தாளை ஒரு நாள் முன்னதாகவே கிழித்து, பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

இன்று உங்கள் காலில் எந்தக் கொடி சிக்கியது?